பாடு இல்லாத வீட்டுக்கு வந்த ரத்தம்

கிணற்றிலிருந்து எங்கள் வீட்டு வாசலுக்கு இருநூற்று நாற்பது தப்படி. 1981ஆம் வருஷம் தை மாதம் வரை என் மனைவி எஸ்தர் இடுப்பில் குடமும் கையில் வாளியுமாக அந்தத் தூரத்தை நிற்காமல் நடந்துவிடுவாள். பங்குனியில் வழியில் ஒருமுறை நின்றாள். ஆனியில் மூன்று முறை. கிறிஸ்துமஸ் வாரத்தில் ஒன்பது முறை குடத்தை இறக்கி வைத்தாள். நான் வாசலில் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணினேனே தவிர, ஓடிப்போய்க் குடத்தை வாங்கவில்லை. கர்த்தருடைய பிள்ளைகளாகிய உங்களுக்கு முன்னால் இதை மறைத்தால் நான் எழுதுகிற மற்றதையும் நீங்கள் நம்ப வேண்டியதில்லை. அதனால் முதலில் இதைச் சொல்லிவிட்டேன்.

எனக்கு இப்போது அறுபத்து நான்கு வயது. பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் ஒரு தீவுக் குப்பம் எங்கள் ஊர். என் தகப்பனார் அங்கே மிஷன் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்த வந்தவர். நான் அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி. படித்து, மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்தேன். ஊரில் என் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. ‘கணக்கு’ என்றுதான் கூப்பிடுவார்கள். எதையும் எண்ணாமல் எனக்கு இருப்புக் கொள்ளாது. படகில் ஏறினால் எத்தனை தலை, ஆராதனையில் எத்தனை பேர், பிரசங்கம் எத்தனை நிமிஷம் என்று எண்ணுவேன். இது நல்ல குணம் இல்லை. ஆனால் இருக்கிறது.

எஸ்தரின் முகம் வெளுத்துக்கொண்டே போனது. பொன்னேரி ஆஸ்பத்திரியில் ரத்தசோகை என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். நாளுக்கு மூன்று. பதினான்கு மாதம். ஆயிரத்து இருநூறுக்கு மேல் மாத்திரைகளை நானே கையில் வைத்து விழுங்க வைத்தேன். ஒரு வேளை தவறவில்லை. நண்டு, மட்டி, கீரை என்று யார் எதைச் சொன்னாலும் சமைத்துக் கொடுத்தோம். அவளுக்கு வயிறு எரிந்ததுதான் மிச்சம். ரத்தம் ஏறவில்லை.

1983 மார்ச்சில், பழவேற்காட்டில் படகைவிட்டு இறங்கும்போது எஸ்தர் அப்படியே தண்ணீரில் உட்கார்ந்துவிட்டாள். கண் திறந்திருந்தது, பேச்சு இல்லை. சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஹீமோகுளோபின் பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் நான்கு புள்ளி இரண்டு இருந்தது. அன்றைக்கே இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்தார்கள். ஐந்து வாரம் கழித்து வரச் சொன்னார்கள்.

போனோம். டாக்டர் வயதில் சின்னப் பெண். பொறுமைசாலி. ஒரு அட்டையை எடுத்து மேஜையில் வைத்தார். அதில் சின்னச் சின்னக் கறுப்புக் குச்சிகளை ஜோடி ஜோடியாக வெட்டி ஒட்டியிருந்தார்கள். மஜ்ஜையின் ஓர் அணுவுக்குள் இருக்கும் குரோமோசோம்கள் அவை என்றார். நான் வழக்கப்படி விரலை வைத்து எண்ண ஆரம்பித்தேன். நாற்பத்தாறு வந்தது.

"எண்ணிக்கை சரியாத்தான் இருக்கு ஐயா. அஞ்சாம் ஜோடியப் பாருங்க," என்றார்.

ஐந்தாம் ஜோடியில் ஒன்று நீளம், ஒன்று கட்டை. கட்டையானதில் நடுவே ஒரு துண்டு இல்லை. அந்தத் துண்டு போனதால் மஜ்ஜைக்குச் சிவப்பு அணுவை ஒழுங்காகச் செய்யத் தெரியவில்லையாம். உடம்பில் இரும்பு குறைவில்லை, இருக்கிற இரும்பை வைத்து ரத்தம் செய்கிற இடத்தில்தான் கோளாறு என்றார். மாத்திரையை அன்றோடு நிறுத்தச் சொன்னார். பதினான்கு மாதம் நான் எண்ணி எண்ணிக் கொடுத்தது அவளுக்கு வேண்டாத பொருள். 

எங்களுக்கு ஒரே மகள். கூடூரில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். அவளுக்கும் வருமா என்று டாக்டரிடம் மூன்று தடவை கேட்டேன். வராது, இது பிறவியில் வந்ததில்லை, மஜ்ஜையில் மட்டும் பிற்பாடு உண்டானது என்று மூன்று தடவையும் சொன்னார். மருந்து இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். சிலருக்கு இது ரத்தப் புற்றுநோயாக மாறும், ஐந்தாம் எண்ணில் மட்டும் கோளாறு உள்ளவர்கள் பலர் வருஷக் கணக்கில் இருப்பார்கள், ஆனால் ஆறு வாரத்துக்கு ஒருமுறை இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றியே ஆக வேண்டும் என்றார். இரண்டு பாட்டில் எடுத்தால் இரண்டு ஆட்கள் வந்து ரத்த வங்கிக்குக் கொடுக்க வேண்டும். காசுக்கு ரத்தம் கொடுக்கிறவர்களைக் கூட்டி வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்.

வருஷத்துக்குப் பதினேழு, பதினெட்டு ஆட்கள். நான் எங்கே போவேன்?

முதலில் என் கையை நீட்டினேன். ரத்தக் கொதிப்பு இருக்கிறது, வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். மருமகன் வந்து ஒருமுறை கொடுத்தார். எங்கள் தீவுச் சபையில் ஏழு குடும்பம். ஆண்கள் பதினோரு பேர். அதில் நான்கு பேர் கிழவர்கள், ஒருவருக்குக் காசநோய் வந்து போனது, இருவருக்கு மஞ்சள்காமாலை வந்திருந்தது. மிச்சம் நான்கு பேர். அவர்கள் முகம் சுளிக்காமல் வந்தார்கள். செப்டம்பருக்குள் எல்லாருடைய முறையும் முடிந்தது. கடைசியாகக் கொடுத்தவர்களுக்கு மூன்று மாதம் ஆகவில்லை. அடுத்தது அக்டோபர் நடுவில். ஆள் இல்லை.

ஊரில் ஆண்கள் இல்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். இருந்தார்கள். வலை இழுத்து இழுத்து உரமேறிய உடம்புக்காரர்கள். நான்தான் கேட்கவில்லை. காரணத்தைச் சொல்கிறேன். எங்கள் ஏரியில் எவன் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் வலை போட முடியாது. எந்த நாளில் யார் எந்த இடத்தில் என்று ஊர் கூடி முறை வைக்கும். அதற்குப் பாடு என்று பெயர். கலியாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலை. தலைக்கு ஒரு பாடு. வெளியிலிருந்து வந்த எங்கள் குடும்பத்துக்குப் பாடு கிடையாது. அதனால்தான் பட்டியல் எழுதும் வேலையை என்னிடம் கொடுத்திருந்தார்கள். பங்கில்லாதவன் பாரபட்சம் பார்க்கமாட்டான் என்று. இருபது வருஷம் எழுதினேன். ஒரு பிழை வந்ததில்லை. ஆனால் ஊரில் எனக்கென்று உரிமையாக எதையும் கேட்கிற இடம் இல்லை என்று நினைத்திருந்தேன். ரத்த வியாதி என்று தெரிந்தால் எஸ்தர் கையால் ஒரு செம்பு தண்ணீர்கூட வாங்கமாட்டார்களோ என்ற பயமும் இருந்தது.

இன்னொன்றும் உண்டு. 1980இல் ஏழுமலை என்பவன் தன் முறை நாளில் தாமதமாக வந்தான். சூரியன் உதிக்கும் முன் வலையோடு துறையில் நிற்க வேண்டும் என்பது விதி. அவன் மனைவிக்குப் பிரசவ வலி. அவளைப் படகில் பழவேற்காட்டுக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்திருக்கிறான். இறால் நன்றாகப் படுகிற காலம். நான் அவன் பெயரை வெட்டி அடுத்தவனுக்குக் கொடுத்தேன். விதியின்படி சரி. மூன்று வருஷம் அவன் என்னோடு பேசவில்லை. இப்படிப்பட்ட நான், ஊர் முன் போய் என் வீட்டுக்கு ரத்தம் கொடுங்கள் என்று எந்த முகத்தோடு கேட்பேன்?

அதனால் ஜெபித்தேன். ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி நாற்பது நாள், பகலில் ஆகாரம் இல்லாமல், தினமும் சாயங்காலம் எங்கள் சின்னக் கோயிலில் முழங்காலில் நின்றேன். எஸ்தருக்கு என் உபவாசமே பெரிய கவலை.

"இன்னாதான் கேக்கறீங்க இம்மா நேரம்?" என்றாள் ஒருநாள்.

"அஞ்சாம் நம்பர்ல இல்லாத துண்டு திரும்ப வரணும்னு கேக்கறேன்."

"அவருக்கு நம்பர் சொன்னாத்தான் தெரியுமா?" என்று சிரித்தாள். சிரித்ததற்கே மூச்சு வாங்கியது. பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நாற்பது நாள் முடிந்தது. பொன்னேரியில் பரிசோதித்தோம். ஹீமோகுளோபின் ஐந்துக்கும் கீழே. நான் ஒரு நாள் குறைத்து எண்ணிவிட்டேனோ என்று நாட்காட்டியை எடுத்துத் திரும்ப எண்ணினேன். சரியாக நாற்பது. அப்போது எனக்கு ஆண்டவர்மேல் கோபம் வந்தது. நான் என் பங்கைச் செய்துவிட்டேன், நீர் உம்முடையதைச் செய்யவில்லை என்று சொல்லிவிட்டேன். வாய்விட்டே சொன்னேன். அன்றைக்கு ஜெபிக்கவில்லை. மறுநாளும் ஜெபிக்கவில்லை.

அந்தக் கோபத்தோடுதான் மழைக்காலத்துப் பாடுகளின் பட்டியலை எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை பகலில் துறைக்குப் பக்கத்தில் ஊர் கூடியது. பெரியதனக்காரர், அதாவது ஊர்த் தலைவர், மரப்பெட்டிமேல் உட்கார்ந்தார். நான் நின்று படித்தேன். முடித்துவிட்டு எல்லாருடைய பெயரும் வந்ததா என்று வழக்கம்போலக் கேட்டேன். இருபது வருஷமும் அந்தக் கேள்விக்குப் பதில் வந்ததில்லை. எல்லாரும் எழுந்து போவார்கள்.

அன்றைக்கு ஏழுமலை எழுந்து நின்றான். மூன்று வருஷத்துக்குப் பிறகு என்னிடம் பேசினான்.

"இன்னா கணக்கு, அந்த தபா என் பாட்ட வெட்ன. இந்த தபா பேரையே முழுங்கிட்ட. அடுத்த தபா நான் செத்துட்டேன்னு எழுதிடுவியா?"

எல்லாரும் சிரித்தார்கள். ஊரில் எழுபத்தொரு தலை. நான் பட்டியலை எண்ணினேன். எழுபது. திரும்ப எண்ணினேன். எழுபது. மூன்றாம் முறை எண்ணும்போது எண் தவறியது. சிரிப்பு நின்றுவிட்டது. கணக்கு வேண்டுமென்றே பழி தீர்க்கிறான் என்று இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். ஒரு பருவத்தின் பாட்டை ஒருவனுக்கு இல்லாமல் செய்வது எங்கள் ஊரில் சோற்றைப் பிடுங்குவது போல. பெரியதனக்காரர் என்னைப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை.

"உனக்கு இன்னா ஆச்சி கணக்கு?" என்றார்.

அந்த ஒரு கேள்வியை ஆறு மாதமாக யாரும் என்னிடம் கேட்கவில்லை. நான் யாரையும் கேட்க விடவில்லை. நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன். என் புத்தி என்னிடம் இல்லை, எஸ்தருக்கு வெள்ளிக்கிழமைக்குள் ரத்தம் ஏற்றாவிட்டால் பிழைக்கமாட்டாள், கொடுக்க ஆள் இல்லை என்று சொன்னேன். மஜ்ஜை, அணு, ஐந்தாம் ஜோடி எல்லாவற்றையும் சொன்னேன். ஒட்டிக்கொள்ளுமா என்று ஒருவர் கேட்டார். ஒட்டாது என்றேன். ரத்தம் கொடுத்தவன் வலை இழுப்பானா என்று இன்னொருவர் கேட்டார். இரண்டு நாள் பொறுத்து இழுக்கலாம், கொடுத்தது திரும்ப ஊறிவிடும் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன்.  பிறகு ஒரு பெரியவர், ஊரே சேர்ந்து கொடுப்பதென்றால் முறை வைக்க வேண்டும், பாடு இல்லாத வீட்டுக்கு எப்படி முறை வைப்பது என்று இழுத்தார். அவர் கேட்டதில் குற்றமில்லை. நானும் அதையேதான் நினைத்திருந்தேன்.

ஏழுமலை இன்னும் உட்காரவில்லை.

"இருவது வருசமா நம்ம பேரெல்லாம் எழுதினவரு. அவர் ஊட்டுக்கு ஊர்ல ஒரு பாடு இல்லியா? ரத்தத்துக்கும் பாடு எழுதச் சொல்லுங்க. மொத பேரு என்னுது. எப்டியும் அது எதுலயும் எழுதாம சும்மாதான கீது."

மறுபடியும் சிரிப்பு எழுந்தது. இந்தச் சிரிப்பு வேறு. பெரியதனக்காரர் மரப்பெட்டியைவிட்டு எழுந்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார். எழுபத்தொரு தலைக்கும் வரிசையாக முறை. முடியாதவன் பதில் ஆள் அனுப்ப வேண்டும். இரண்டும் செய்யாதவனுக்கு அந்தப் பருவத்தில் இறால் பாடு கிடையாது.

"நேரத்துக்கு வந்துடுங்கப்பா. கணக்கு வெட்டிடும், எனக்குத் தெரியும்," என்றான் ஏழுமலை.

வீட்டுக்கு ஓடினேன். எஸ்தர் படுத்திருந்தாள். நடந்ததைச் சொன்னேன். "எந்த ஏழுமலை? நீங்க பாட்ட வெட்னீங்களே, அவனா?" என்று கேட்டாள். அவன்தான் என்றேன்.  "அப்போ நீங்க கேட்டது அவரு காதுல விழுந்துட்ச்சி," என்றாள். எனக்கு அது உடனே புரியவில்லை. நான் கேட்டது எலும்புக்குள்ளே ஒரு துண்டு. அவர் கொடுத்தது எழுபத்தொரு பேர்.

வெள்ளிக்கிழமை ஏழுமலையும் முனுசாமி என்பவரும் எங்களோடு சென்னைக்கு வந்தார்கள். முகத்துவாரத்துச் சுழலில் படகு விடுகிற ஏழுமலை, ஊசியைப் பார்த்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டான். எஸ்தருக்கு ஏ வகை ரத்தம். அவனுடையது பி என்று வந்தது. அவனுக்கு மிகவும் துக்கமாகிவிட்டது. "அப்போ என்னுது அக்காவுக்கு ஏறாதா?" என்று நான்கு பேரிடம் கேட்டான். வங்கியில் எந்த வகை கொடுத்தாலும் அக்காவுக்குப் பொருந்துகிறதைக் கொடுப்பார்கள் என்று சொன்ன பிறகுதான் கையை நீட்டினான். திரும்பும்போது பொன்னேரி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அந்தப் பிரசவத்தைப் பற்றி நான் பேச்செடுத்தேன், மன்னிப்புக் கேட்டேன். பையன் நன்றாக இருக்கிறான், விடு கணக்கு என்றான். பஸ்ஸில் நின்றுகொண்டிருந்த மற்றவர்கள் பார்க்க நான் மறுபடி அழுதேன். கோபித்துக்கொண்டு ஜெபத்தை நிறுத்திய என்னை ஆண்டவர் அப்படியே விட்டிருக்கலாம். விடவில்லை. இருபது வருஷத்தில் நான் செய்த ஒரே பிழையை அவர் வாசலாக்கினார்.

இது 1988. ஐந்து வருஷமாகிவிட்டது. நாற்பத்து மூன்று முறை போய் வந்திருக்கிறோம், எண்பத்தாறு பாட்டில். பட்டியல் ஒரு சுற்று முடிந்து இரண்டாம் சுற்றில் பதினைந்து பேர் ஆகிவிட்டது. இறந்தவர்கள் இடத்தில் மகன்கள் வந்தார்கள். புயல் எச்சரிக்கை இருந்த ஒரு வாரம் தவிர எந்த முறையும் தவறவில்லை. ஐந்தாம் எண் இன்னும் கட்டையாகத்தான் இருக்கிறது. எஸ்தரை நோயிலிருந்து முழுவதும் விடுவித்தார் என்று சொன்னால் அது பொய்ச்சாட்சி. ஏற்றிய ரத்தத்திலிருந்து இரும்பு உடம்பில் சேர்கிறது, கவனமாக இருக்க வேண்டும் என்கிறார்கள். ஐந்தாம் வாரம் வந்தாலே எனக்குச் சாப்பாடு இறங்காது. அவள் உதட்டு நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். ஆனால் அவள் உயிரோடிருக்கிறாள். பேரன் ஞானஸ்நானத்துக்குக் கூடூர் போய்வந்தாள். தண்ணீர்க்குடம் இப்போது நான் எடுக்கிறேன்.

தினமும் சாயங்காலம் அவள் எழுபத்தொரு பேரையும் பெயர் சொல்லி ஜெபிக்கிறாள். அவர்களில் அநேகர் வேறு சாமி கும்பிடுகிறவர்கள். அவளுக்கு அது ஒரு தடையில்லை. பெயர் விட்டுப்போகக்கூடாதென்று நான் பக்கத்தில் விரல் மடக்குவேன். "கைய உடுங்க. கண்ண மூடுங்க," என்பாள். மூடுவேன். ஆனாலும் எண்ணுவேன்.

போன ஆடி மாதம் அதே ஆஸ்பத்திரியில் பழவேற்காட்டு மரைக்காயர் வீட்டுப் பெண் ஒருத்தி ஒன்பது வயது மகளோடு உட்கார்ந்திருந்தாள். பிள்ளை வயதுக்கு மிகச் சின்ன உருவம், கட்டைவிரல் வளைந்து இருந்தது. அவளுக்கு எல்லா ரத்த அணுக்களும் குறைவு. இது பிறவியிலேயே வந்தது. குரோமோசோம்கள் எண்ணிக்கையும் சரி, நீளமும் சரி, ஆனால் சோதனையில் வைத்தால் உடைந்து உடைந்து போகின்றன என்று டாக்டர் சொன்னார். அவளுக்கும் ரத்தம் வேண்டும். தகப்பன் கப்பலில் வேலைக்குப் போயிருக்கிறார், ஆள் இல்லை. ஐந்து வருஷத்துக்கு முந்தைய நான் அந்தப் பெண்ணைப் பார்க்காததுபோல் போயிருப்பேன். இப்போது ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். பாடு இல்லாத நான் இப்படிப் பேசலாமா என்ற நினைப்பே வரவில்லை. பெரியதனக்காரர், இன்னொரு தாள் எடு கணக்கு என்றார்.

சகோதரரே, சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு நோய் இருக்கலாம். கதவை மூடிக்கொண்டு ஜெபிக்கிறீர்களா, ஜெபியுங்கள். ஆனால் நான் செய்ததுபோல, பதில் எந்த வழியாக வர வேண்டும் என்று ஆண்டவருக்கு எழுதிக் கொடுக்காதீர்கள். கதவைத் திறந்து அக்கம்பக்கத்தாரிடம் சொல்லுங்கள். உங்களோடு பேசாமல் இருக்கிறவனிடமும் சொல்லுங்கள். ஆண்டவரை நம்பிச் சொல்லுங்கள்.

அந்தப் பிள்ளையின் பெயர் நூர்ஜகான். அவள் பிழைப்பதைப் பற்றி டாக்டர் நல்ல வார்த்தை எதுவும் சொல்லவில்லை. அவள் பெயரையும் எஸ்தர் ஜெபத்தில் சேர்த்துக்கொண்டாள். நீங்களும் சேர்த்துக்கொள்ளுங்கள். வருகிற புதன்கிழமை அவளுக்கு இரண்டு பாட்டில் வேண்டும். ஒருவர் தயார். இன்னொருவருக்குக் காய்ச்சல் என்று இன்று காலையில்தான் சொல்லி அனுப்பினார். இதை எழுதி முடித்ததும் பதில் ஆள் பார்க்கத் துறைக்குப் போகிறேன். கிடைப்பார். கர்த்தருக்கே மகிமை.